கோடு இறங்குகிறது, காற்றா கருவியா? சென்னைத் துகள் கணக்கின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வேளச்சேரியில் எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு துகள் மீட்டர் தொங்குகிறது. சீனத் தயாரிப்பு சென்சார், ஒரு வைஃபை போர்டு, மழை படாமலிருக்கக் கவிழ்த்துக் கட்டிய பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான். கூடவே மத்திய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் நிலையத் தரவையும் இறக்கி எக்செல்லில் சேர்த்துக்கொண்டு வருகிறேன். இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "வரைபடம் இப்படி வருகிறதே, இது காற்றா, கருவியா?" பெரும்பாலும் கருவி, இல்லாவிட்டால் கணக்கு. காற்றின் மேல் பழி போடுவதற்கு முன்னால் நான் எதையெதைப் பார்ப்பேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

சில எண்கள் கையில் இருக்கட்டும். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள் பி.எம். 2.5. பத்து மைக்ரோமீட்டர் வரைக்குமான மொத்தக் கூட்டம் பி.எம். 10, முன்னது இதற்குள் அடங்கும். 2009 நவம்பரில் வந்த இந்தியத் தரநிலைப்படி ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 60 வரை இருக்கலாம். பி.எம். 10க்கு அது 60, 100. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவுகள் இதைவிட மிகக் கறார்: பி.எம். 2.5க்கு ஆண்டுக்கு 5, நாளைக்கு 15.

எண் அசையவே மாட்டேன் என்கிறது

என் மீட்டர் ஒருமுறை இரண்டு நாள் 17இலேயே நின்றது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் குட்டி விசிறியின் இறக்கைகளை ஒரு சிலந்தி அழகாகக் கட்டிப் போட்டிருந்தது. விசிறி சுற்றவில்லை என்றால் புதுக் காற்று உள்ளே வராது. லேசர் அதே பழைய காற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ்ஷால் நூலாம்படையை எடுத்துவிட்டேன். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் லென்ஸில் படியும். நுழைவாயிலில் கொசுவலைத் துண்டு கட்டலாம். ஆனால் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வலையே அடைத்துக்கொள்ளும்.

நிலையத் தரவிலும் இது உண்டு. கால் மணிக்கு ஒரு வரியாக இறக்கும்போது ஒரே எண் நான்கு முறை வந்தால் பதற வேண்டாம். நிலையங்களில் துகளை அளக்கும் பீட்டா கதிர்க் கருவி பெரும்பாலும் மணிக்கு ஒருமுறைதான் எண் தரும். அதே எண் ஐந்தாறு மணி நேரம் தசமம்கூட மாறாமல் வந்தால்தான் கோளாறு. அந்த வரிகளைக் காலியாக்கிவிடுங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு ஊசி போல ஓர் உச்சம்

கீழ் வீட்டுச் சாம்பிராணி. மீட்டரை வேறு பக்கம் மாற்றுங்கள், வீட்டுக்காரர்களை மாற்ற முடியாது. சமையலறைப் புகைபோக்கி, ஜெனரேட்டர், காய்ந்த இலை கொளுத்தும் காலி மனை, இவற்றிலிருந்தும் தள்ளியே வையுங்கள்.

மார்கழி விடியற்காலையில் எகிறுகிறது, எட்டரைக்கெல்லாம் விழுந்துவிடுகிறது

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். நானும் முதல் வருடம் முழுக்க ஏமாந்தேன்.

நம் கையில் இருக்கும் மலிவு சென்சார் எதையும் எடை போடுவதில்லை. ஒரு லேசர் கதிர், அதைக் கடக்கும் துகள் சிதறடிக்கும் ஒளி, அந்த ஒளியிலிருந்து ஓர் ஊகக் கணக்கு, அவ்வளவுதான். கடலோர ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90ஐத் தொடும். கடலுப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுத்துத் துளியாகிவிடும்; அம்மோனியம் சல்பேட் 80 வாக்கில். சாதம் வடிக்கும் நேரத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிந்து நிற்கிறதோ, அதேதான் காற்றிலும் நடக்கிறது. துகளின் உடம்பு ஊதுகிறது, சிதறும் ஒளி கூடுகிறது, மீட்டர் அதை மாசு என்று எழுதிக்கொள்கிறது. ஆனால் கூடியது தண்ணீர்.

வாரிய நிலையங்களில் காற்றைச் சூடாக்கிய குழாய் வழியாக இழுத்து, ஒரு நாடாவில் துகளைப் படியவிட்டு, அது எவ்வளவு பீட்டா கதிரைத் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். ஈரம் பெருமளவு வழியிலேயே போய்விடும். அதனால் அந்தக் கோடும் நம் கோடும் விடியலில் பிரிந்து மதியத்தில் ஒட்டிக்கொண்டால், குற்றவாளி ஈரம்.

அதற்காக எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. மார்கழி, தை இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போல உட்கார்ந்துவிடும். லாரிப் புகையும் குப்பை எரித்த புகையும் அந்த மூடிக்குக் கீழேயே தேங்கும். வெயில் ஏறியதும் மூடி உடையும், எண் விழும். அதாவது உச்சத்தில் ஒரு பங்கு உண்மை, ஒரு பங்கு தண்ணீர். பிரிப்பது இப்படி: மீட்டரோடு ஓர் ஈரப்பத சென்சாரையும் மாட்டுங்கள், டப்பாவுக்கு வெளியே. உள்ளே வைத்தால் போர்டின் சூட்டில் ஈரப்பதத்தைக் குறைத்துக் காட்டும். 80க்கு மேல் போன மணிகளைத் தனி நிறமாக்குங்கள். பிறகு பக்கத்து நிலையத்தின் அதே மணியை எடுங்கள். எனக்கு வேளச்சேரி, ஆலந்தூர் இரண்டும் அருகில். நிலையமும் சேர்ந்து ஏறியிருந்தால் அந்த அளவுக்கு உண்மை. மீதியை விட்டுத்தள்ளுங்கள்.

பர்ப்பிள்ஏர் என்ற மலிவு மீட்டருக்கு அமெரிக்காவில் ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: மீட்டர் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்டுவது. அதை அப்படியே சென்னைக்குப் போடாதீர்கள். அது அந்த ஊர்க் காற்றை வைத்துச் செய்தது. நம் புகையும் நம் உப்பும் வேறு. இரண்டு வாரம் நிலையத்துக்கு அருகில் ஒரு தெரிந்த வீட்டு மாடியில் மீட்டரைத் தொங்கவிட்டு உங்கள் கணக்கை நீங்களே எடுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, தையில் ஒருமுறை.

இன்னொன்று: பிளான்டவர் நிறுவனத்தின் சென்சார் ஒரே அளவுக்கு இரண்டு எண் தரும், ஒன்று தொழிற்சாலைக் கணக்கு, மற்றது வெளிக்காற்றுக் கணக்கு. குறைந்த மாசில் இரண்டும் ஒன்றுதான், மாசு கூடக்கூட முதல் எண் மேலே போய்விடும். எதைப் பதிகிறோம் என்று நிரலில் ஒருமுறை பாருங்கள். நடுவில் நிரலைப் புதுப்பித்தபோது எண் மாறியிருந்தால், உங்கள் நெடுங்காலக் கோட்டில் அன்று ஒரு படிக்கட்டு இருக்கும்.

வாசலெல்லாம் தூசி, மீட்டர் 20 காட்டுகிறது

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் தெருவில் குடியிருப்பவர்களின் புலம்பல் இது. ஜன்னல் கம்பியில் விரலால் பெயர் எழுதலாம், மீட்டரோ நிம்மதியாக இருக்கிறது. மீட்டர் கெடவில்லை. மண், சிமென்ட் தூசி பருமனானது. அந்தக் குட்டி விசிறியால் அதை ஒழுங்காக இழுக்கவும் முடியாது, லேசருக்கு அதை எண்ணவும் தெரியாது. அது காட்டும் பி.எம். 10, சிறு துகள்களை வைத்துப் போட்ட உத்தேசம். கட்டட, சாலைத் தூசியைப் பார்க்க வேண்டுமானால் நிலையத்தின் பி.எம். 10 எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பி.எம். 2.5ஐ பி.எம். 10ஆல் வகுத்துப் பாருங்கள்: விகிதம் இறங்கினால் மண் தூசி, ஏறினால் புகை. எளிய கணக்குதான், ஆனால் பல விவாதங்களை முடித்துவைக்கும்.

போகி விடியல், கண் எரிகிறது, ஆப்பில் "மிதமான" என்று வருகிறது

2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட காலையிலும் குறியீடு சாதுவாக இருக்கலாம். காரணம், 2015 ஏப்ரலில் வந்த இந்தியக் காற்றுத் தரக் குறியீடு துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுக்கிறது. நான்கு மணி நேரம் 250, மீதி இருபது மணி நேரம் 30 என்று வையுங்கள். சராசரி 67 கூட வராது. பி.எம். 2.5இல் 61 முதல் 90 வரை "மிதமான". நுரையீரல் 24 மணி நேரச் சராசரியில் மூச்சு விடுவதில்லை, அது வேறு விஷயம். அன்றைக்குக் குறியீட்டை மூடிவிட்டு மணிவாரி மைக்ரோகிராமைப் பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. புகை கலைந்த மதியத்தில் குறியீடு இன்னும் உயரத்திலேயே நிற்கும். வானம் தெளிவு, கடல்காற்று வந்தாயிற்று, எண் மட்டும் மோசம். அது நேற்றிரவின் மிச்சம்.

இரண்டு ஆப், இரண்டு எண்

முதலில் அளவுகோலைப் பாருங்கள். பி.எம். 2.5 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் 100, "திருப்தி" என்ற கட்டத்தின் கடைசி. அதே 60, அமெரிக்கக் குறியீட்டில் 150ஐத் தாண்டும். காற்று ஒன்றுதான், பிரித்த கட்டங்கள் வேறு. வெளிநாட்டு ஆப்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கைக் காட்டும். போதாக்குறைக்கு அமெரிக்கா 2024இல் தன் கட்டங்களை மாற்றியது, "நல்லது" என்பதன் எல்லை 12இலிருந்து 9க்கு இறங்கியது. ஆகவே பழைய திரைப்பிடிப்புகளை வைத்து ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள். நெடுங்காலக் கணக்கில் குறியீடே வேண்டாம், மைக்ரோகிராம் மட்டும் போதும்.

தீபாவளி உச்சம் மதியம் இரண்டரைக்கு வருகிறது

சிரிக்காதீர்கள், இதை நான் மூன்று நாள் தேடினேன். உலகத் தரவுத் திரட்டுகளில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். இரவு எட்டு மணி வெடி மதியம் இரண்டரைக்குப் போய் உட்காரும். போகிக் காலை ஐந்து மணி, முந்தைய நாள் இரவு பதினொன்றரை ஆகிவிடும்; அதாவது போகி உச்சம் தவறான தேதியில் விழும், நாள் சராசரி இரண்டுமே கெடும். ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். கோப்பில் உள்ள நேரம் அந்த மணியின் தொடக்கமா முடிவா என்றும் பாருங்கள். சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேறு எதுவும் வேண்டாம், தீபாவளி இரவு ஒன்றே போதும்.

985, மைனஸ் 999, பி.எம். 10ஐவிடப் பெரிய பி.எம். 2.5

மைனஸ் 999 என்றால் அளவு இல்லை என்று பொருள். அதைச் சராசரியில் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் காற்று எதிர்மறையாகச் சுத்தமானது. 985 என்பது ஒருவகை பீட்டா கருவி கோளாறின்போது எழுதும் உச்ச எண், நீக்கிவிடலாம். மாறாக மைனஸ் 2, மைனஸ் 3 போன்றவற்றை நீக்காதீர்கள். சுத்தமான மணியில் கருவியின் நடுக்கம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். அவற்றை மட்டும் வெட்டினால் சராசரி பொய்யாக உயரும். புயல் மழை நாட்களில் இது சாதாரணம்.

பகுதி முழுமையைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஆனால் பி.எம். 2.5உம் பி.எம். 10உம் தனித்தனிக் கருவிகள், ஒன்றின் காற்றோட்டம் கசிந்தால் இப்படி வரும். அந்த மணியில் இரண்டையுமே விடுங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் எக்செல்லில் நெடுவரிசைகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆண்டுச் சராசரி ஒரே வருடத்தில் தடாலென்று விழுந்தது

ஆலை மூடியதாகவோ பேருந்தெல்லாம் மின்சாரத்துக்கு மாறியதாகவோ செய்தி இல்லை. அப்படியானால் மூன்று இடத்தில் தேடுங்கள்.

எத்தனை நிலையங்கள்? சென்னையில் தொடர் நிலையங்கள் என்று நெடுநாள் இருந்தவை ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற சில. பின்னால் கொடுங்கையூர், இராயபுரம், அரும்பாக்கம், பெருங்குடி, மணலி கிராமம் சேர்ந்தன. ஒரு கற்பனைக் கணக்கு: இரண்டு நிலையம் 40, 44 என்றால் நகரச் சராசரி 42. அடுத்த வருடம் 25, 28, 33 என்று மூன்று புது நிலையம் வந்தால் சராசரி 34. யாரும் ஒரு புகைபோக்கியைக்கூடத் தொடவில்லை. அதனால் "சென்னை" என்று ஒரே கோடு வரையாதீர்கள். நிலையத்துக்கு ஒரு கோடு. மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கும் வேளச்சேரியின் போக்குவரத்துக்கும் சராசரி கண்டு என்ன செய்யப்போகிறோம்?

எந்த மாதம் காணவில்லை? சென்னையில் தையும் மாசியின் முற்பகுதியும் மோசமான நாட்கள், வடகிழக்குப் பருவமழை கழுவும் நாட்கள் சுத்தம். ஜனவரி முழுக்க நிலையம் பழுதாகக் கிடந்த வருடம் நல்ல வருடம் போலத் தெரியும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்த் தரவு விட்டுப்போன வருடம் கெட்ட வருடம் போலத் தெரியும். முதலில் மாதச் சராசரி, பிறகு பன்னிரண்டின் சராசரி. ஒரு மாதத்தில் முக்கால்வாசி மணிகளாவது இல்லையென்றால் அந்த மாதத்தைக் காலியாக விடுங்கள். குளிர் மாதம் காலியென்றால் அந்த வருடத்தையே விடுங்கள்.

அளந்தது என்ன? 1990களிலிருந்து கோடு இழுப்பவர்கள் விழும் குழி இது. அப்போதைய பெரிய எண்கள் மொத்த மிதக்கும் துகள், எல்லா அளவுத் துகளும் சேர்ந்தது. 2009 தரநிலையில் அது போய்விட்டது, பி.எம். 10, பி.எம். 2.5 மட்டும் நின்றன. பழையதையும் புதியதையும் ஒட்டினால் மலையிலிருந்து குதித்தது போல ஒரு கோடு வரும். கையால் அளக்கும் பழைய நிலையங்கள், அதாவது வடிதாளை எடை போடும் முறை, வாரத்துக்கு இரண்டு நாள், வருடத்துக்கு 104 நாள் என்ற திட்டத்தில் இயங்குபவை. போகி அந்த நாளில் விழுந்ததா இல்லையா என்பதே ஜனவரிச் சராசரியை அசைக்கும்.

இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் மீட்டரிலிருந்து வெளியிட்டுவந்த கோடு 2025 மார்ச்சில் அறுந்துபோனதற்குக் காரணம் உங்கள் நிரல் அல்ல. உலகெங்கும் தூதரகத் தரவைப் பகிர்வதை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அங்கே பக்கத்து நிலையத்தை ஒட்டவைத்துத் தொடராதீர்கள்.

வருடாவருடம் மெல்ல மெல்ல இறங்குகிறது

கடைசியில் வைத்தேன், ஏனென்றால் மேலே உள்ளவை எல்லாம் முடிந்த பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும். எனக்கும் இப்படி ஒரு கோடு இருந்தது. சந்தோஷமாக எல்லோருக்கும் காட்டினேன். சென்சார் விசிறி சத்தம் போட ஆரம்பித்ததும் புதுசு மாட்டினேன். அன்று மாலையே கோடு பழைய உயரத்துக்கு ஏறி உட்கார்ந்தது. நான் பார்த்துப் பூரித்தது லேசர் மங்கிய கதை.

நோவா நிறுவனத்தின் எஸ்டிஎஸ்011 சென்சாரின் விவரத்தாளில் ஆயுள் 8000 மணி நேரம் என்று இருக்கும். இடைவிடாமல் ஓட்டினால் 333 நாள், ஒரு வருடம்கூட இல்லை. ஐந்து நிமிடத்துக்கு அரை நிமிடம் மட்டும் ஓட்டினால் பத்து மடங்கு தாங்கும், நெடுங்காலக் கணக்குக்கு அதுவே தாராளம். இன்னும் நல்லது, அதே மாடலில் இரண்டாவது சென்சார் ஒன்றை வாங்கிக் காற்றுப்புகாத பையில் வைத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு வாரம், எப்போதும் ஒரே மாதத்தில், பழையதன் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டின் விகிதத்தை எழுதுங்கள். விகிதம் வருடாவருடம் நகர்ந்தால் இறங்குவது காற்றல்ல.

நிலையக் கோடும் இறங்குகிறதென்றால் வானிலையைக் கேளுங்கள். மழை பெய்த நாட்களை எடுத்துவிட்டு மீண்டும் வரையுங்கள். எந்த வருடத்தில் தொடங்கி எதில் முடிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஊரடங்கு வருடமான 2020ஐ முடிவில் வைத்தால் இறங்கும், தொடக்கத்தில் வைத்தால் ஏறும். சாய்வு காண, எல்லா ஜோடி வருடங்களுக்கும் சாய்வு கண்டு அவற்றின் நடுவெண்ணை எடுக்கும் தீல்-சென் முறை நல்லது, ஒரு பைத்தியக்கார வருடம் அதைக் கவிழ்க்காது.

காரணம் சொல்வதில்தான் இன்னும் நிதானம் வேண்டும். பாரத் ஸ்டேஜ் 6 எரிபொருள் நாடு முழுக்க 2020 ஏப்ரல் 1இல் வந்தது. கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆனது. ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம். அந்த ஏப்ரல் சரிவை எரிபொருளுக்கு எழுதி வைத்தவர்களும் உண்டு. அதேபோல 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் முன்னேற்றத்தைப் பி.எம். 10இல்தான் கணக்கிடுகிறது. சாலைக்குத் தண்ணீர் தெளித்தால் பி.எம். 10 இறங்கும், லாரிப் புகை இறங்காது. "மாசு குறைந்தது" என்று யாராவது சொன்னால் எந்தத் துகள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் டப்பாவின் உள்பக்கத்தில் புது சென்சார் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறேன். பழைய தேதியை அடிக்கவில்லை. எக்செல்லிலும் அந்த வரிசைக்கு மேலே மஞ்சள் கோடு போட்டுவிட்டேன். அதைத் தாண்டி எந்தச் சராசரியும் போவதில்லை.